எத்தனாவது வந்த?

இந்தக் கேள்வியை முதன்முதலில் உங்ககிட்ட யார் கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. யூகேஜி ஸ்போர்ட்ஸ் டே, லெமன் அண்ட் ஸ்பூன். பாதி வழியில் எலுமிச்சம்பழம் உருண்டு ஓட, நானும் அதன் பின்னாலேயே ஓடினேன். சாயங்காலம் உடன்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் கேட்டார். "நாலாவது" என்றேன், பெருமையா. "எத்தன பேரு ஓடுனீய?" "நாலு பேரு." அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கு.

அதுக்கப்புறம் அந்தக் கேள்வி என்னை விட்டதே இல்ல. பத்தாவதில் கேட்டாங்க, பன்னிரண்டாவதில் கேட்டாங்க. கவுன்சிலிங் சமயத்தில் அது பேரை மாத்திக்கிட்டு "கட்-ஆஃப் எவ்வளவு?" என்று வந்தது. கணக்குக்கு 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200. அதில் அரை மார்க் குறைஞ்சா நமக்கு முன்னாடி க்யூ எவ்வளவு நீளமாகும்னு இதைப் படிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. இப்போ ஃபைனல் இயரில் "எத்தனை லட்சம் பேக்கேஜ்?" கேள்வி ஒண்ணுதான், யூனிஃபார்ம்தான் வேற.

டிரையத்லானிலும் கட்-ஆஃப் என்று ஒண்ணு இருக்கு. முதலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில் ஓட்டம். நடுவில் கடிகாரம் நிற்காது. ஈரக் காலில் சாக்ஸ் ஏற மாட்டேங்குதுன்னு நீங்க உட்கார்ந்து போராடுற நேரமும் கணக்கில் சேரும். நீச்சலை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கு. களைச்சுப் போனவன் ரோட்டில் உட்கார்ந்துக்கலாம், தண்ணியில் உட்கார முடியாது. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில்தான் இது முதல்முறையா சேர்ந்தது. 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். நம்ம நாட்டில் ரீல்ஸில் நீங்க அதிகம் பார்த்திருக்கக்கூடியது கோவாவின் 'அயர்ன்மேன் 70.3'. 2019 அக்டோபரில் மிராமர் கடற்கரையில் முதல் தடவை நடந்தது. 1.9 கி.மீ. நீந்தி, 90 கி.மீ. மிதிச்சு, 21.1 கி.மீ. ஓடணும். மூணையும் மைலில் கூட்டினால் 70.3. எல்லாத்துக்கும் சேர்த்து எட்டரை மணி நேரம் தருவாங்க. அதான் கட்-ஆஃப். எட்டு மணி இருபத்தொன்பதாவது நிமிஷத்தில் நொண்டிக்கிட்டு வந்தாலும் நீங்க முடிச்சவர்தான். 200-க்கு 199 வாங்கினவரும் 120 வாங்கினவரும் ஒரே சீட்டில் உட்கார்ற மாதிரி. நம்ம ஊரில் இப்படி ஒரு கட்-ஆஃபை யாராவது பார்த்திருக்கீங்களா?

நான் கோவாவுக்குப் போகல. பதிவுக் கட்டணம், நல்ல சைக்கிள், டிரெயின், ரூம் என்று கூட்டிப் பார்த்துட்டு ஃபோனைக் கவுத்து வெச்சவ நான். போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்க அஞ்சு பேர் மணப்பாட்டில் எங்களுக்கு நாங்களே ஒண்ணு நடத்திக்கிட்டோம். 400 மீட்டர் நீச்சல், குலசை தாண்டி கல்லாமொழி வரை போய்த் திரும்பி ஏறக்குறைய 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். எங்க கட்-ஆஃப் இரண்டரை மணி நேரம்.

இதைச் சொன்னா பல பேர் சிரிக்கிறாங்க. சிரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். உலகம் முழுக்கப் பேர் வாங்கின அந்த அயர்ன்மேனே இப்படித்தான் ஆரம்பிச்சது. 1978 பிப்ரவரி 18, ஹவாய். ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் யோசிச்ச போட்டி. கிளம்பினவங்க 15 பேர், முடிச்சவங்க 12 பேர். வழியில் தண்ணி கொடுக்க இப்போ மாதிரி ஸ்டால் எல்லாம் கிடையாது. அவங்கவங்க சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் அவங்கவங்க ஆளைக் கூட்டிட்டு வரணும். ஜான் டன்பார் என்றவரோட ஆட்களிடம் ஓட்டத்தின்போது தண்ணி தீர்ந்து போக, பீரைக் கொடுத்திருக்காங்க. மனுஷன் அதையும் குடிச்சிட்டு இரண்டாவதா வந்தார். ஜெயிச்சவர் கார்டன் ஹாலர். ஆக அந்த விளையாட்டு பிறந்த நாளிலேயே ஓடுறவங்க பாதி, கூட வந்தவங்க பாதி.

எங்க பக்கம் பீருக்குப் பதில் பதநீர். மணப்பாட்டுத் தோழியோட அப்பா வள்ளம் கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவங்க கடலுக்குப் போக மாட்டாங்க, அதனாலதான் அந்த நாளையே தேர்ந்தெடுத்தோம். காலி கேன்களைக் கயிற்றில் கட்டி மிதக்க விட்டு வழி குறிச்சார். எங்களில் ரெண்டு பேர் ஓட்டினது பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள். நான் ஓட்டினது சித்தப்பா கருப்பட்டி மூட்டை கட்டுற பழைய வண்டி. அதன் கேரியரைக் கழட்ட ஒரு மணி நேரம் ஆச்சு, ஒரு நட்டு துருப்பிடிச்சுப் போயிருந்தது. மெக்கானிக்கல் படிக்கிறவ நான். கடைசியில் கழட்டினது சித்தப்பா.

அம்மாகிட்ட முந்தின ராத்திரிதான் சொன்னேன். நான் பிறந்தது 2004. சுனாமி வந்த டிசம்பரில் கைக்குழந்தை. அம்மாவுக்குக் கடல்னா திருச்செந்தூரில் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில் நின்னு தலையில் தெளிச்சுக்கிறது, அவ்வளவுதான். மாமா தோட்டத்துக் கிணற்றில் முதுகில் கேன் கட்டி நான் நீச்சல் கத்துக்கிட்டதே அவங்களுக்குப் பிடிக்கல. இதில் பொம்பளப் பிள்ளை, லெக்கின்ஸும் டீ-ஷர்ட்டும் போட்டு, ஊர் பார்க்கக் கடலில் இறங்கப் போறேன்னா? அம்மா ஒண்ணும் சொல்லல. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா கழுவினாங்க. காலையில் நாலரைக்கு நான் எழுந்தப்போ ஆரஞ்சு சேலை கட்டி, ஃப்ளாஸ்கில் கருப்பட்டிக் காப்பியோட வாசலில் நின்னாங்க.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது. டிரையத்லான் பத்தி நீங்க பார்க்கிற வீடியோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இருட்டில் தனியா எழுந்து, தனியா ஓடி, பின்னணியில் ஒரு இங்கிலீஷ் குரல் 'டிசிப்ளின்' பத்திப் பேசும். அந்தப் படத்தில் இன்னொரு மனுஷனே இருக்க மாட்டான். இது தனி ஆளோட விளையாட்டுன்னு நம்பித்தான் நானும் ஆரம்பிச்சேன். தண்ணிக்குள்ள போன பத்தாவது நிமிஷத்தில் அந்த நம்பிக்கை போயிருச்சு.

கடலில் நேரா நீந்தணும்னா அப்பப்போ தலையைத் தூக்கி, கரையில் அசையாத ஒரு பொருளைப் பார்த்து திசையைச் சரி பண்ணிக்கணும். போகும்போது கேன் வரிசை இருந்தது. திரும்பி வரும்போது சூரிய வெளிச்சத்தில் தெளிவா தெரிஞ்சது ஆரஞ்சு சேலைதான். அதைக் குறி வெச்சு நீந்தினேன். ஆனா எவ்வளவு நீந்தியும் கரை தள்ளித் தள்ளிப் போச்சு. விஷயம் என்னன்னா, அம்மாவுக்கு பதற்றத்தில் ஒரு இடத்தில் நிக்க முடியல. கரையோரமா நடந்துக்கிட்டே இருந்திருக்காங்க. நானும் வளைஞ்சு வளைஞ்சு பின்னாலேயே போயிருக்கேன். ரெஃபரன்ஸ் பாயிண்ட் நடக்க ஆரம்பிச்சா சர்வே என்ன ஆகும்னு சிவில் பசங்களைக் கேளுங்க. 400 மீட்டரை நான் 500 ஆவது நீந்தியிருப்பேன்.

இந்த விளையாட்டோட விதிகளில் எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. அயர்ன்மேன் மாதிரி போட்டிகளில் காதில் இயர்ஃபோன் மாட்டக் கூடாது. வெளியாள் உதவி கூடாது. சொந்தக்காரங்க கூடவே ஓடக் கூடாது, கடைசிக் கோட்டைச் சேர்ந்து தாண்டினால் தகுதி நீக்கம் வரைக்கும் போகும். 1994-இல் 13 வயசில் ஒரே வருஷத்தில் ஆறு நீரிணைகளைக் கடந்தாரே நம்ம குற்றாலீஸ்வரன், அந்த வகை நீச்சலிலும் இப்படித்தான். படகில் இருக்கிறவங்க சாப்பாட்டை நீட்டலாம், தொட்டுட்டா அத்தனை மணி நேர நீச்சலும் செல்லாது. ஆக, பக்கத்தில் நிக்கிறவங்க தாராளமா கொடுக்கக்கூடியது சத்தம் மட்டும்தான். காதில் பாட்டும் கிடையாது என்பதால், ஓடுறவங்களுக்குக் கேட்கிறதும் அந்தச் சத்தம் மட்டும்தான். (எங்க போட்டியில் சித்தப்பா கல்லாமொழித் திருப்பத்தில் நின்னு என் வாயில் ஒரு துண்டு கருப்பட்டியைத் திணிச்சார். அதுக்கு எங்க விதியில் அனுமதி உண்டு. விதியை எழுதினது நாங்கதானே.)

சைக்கிளைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. எதிர்காற்று, ரெண்டு தடவை செயின் கழன்றது, கையெல்லாம் கிரீஸ். இறங்கி ஓட ஆரம்பிச்சப்போ கால் ரப்பர் மாதிரி மடங்குச்சு. மத்த நாலு பேரும் முடிச்சு, குளிச்சு, இட்லி சாப்பிட ஆரம்பிச்சாச்சு. எனக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் பாக்கி. அந்த நேரம் பார்த்து காலைப் பூசை முடிஞ்சு கோயிலிலிருந்து கூட்டம் வெளியே வந்தது. ஒரு பாட்டி எங்க அம்மாகிட்டேயே கேட்டாங்களாம், "இது யாரு பெத்த பிள்ள, ஏன் இப்படி ஓடுது? எல்லாவனும் முடிச்சிட்டான்லா?" அம்மா சொன்னதைத் தோழிதான் எனக்கு அப்புறம் சொன்னா: "என் பிள்ளதான். இன்னும் முடிக்கல. கொஞ்சம் கைதட்டுங்க."

தட்டினாங்க. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்ட சின்னப் பசங்க, முக்காடு போட்ட பாட்டிமார்கள், யாருன்னே தெரியாதவங்க. 2 மணி 21 நிமிஷம். அஞ்சு பேரில் அஞ்சாவது.

இப்போ நம்ம காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேயை நினைச்சுப் பாருங்க. 5000 மீட்டரில் முதல் மூணு பேர் கோட்டைத் தாண்டினதும் என்ன நடக்கும்? மைக்கில் அடுத்த ஈவென்ட் பேரைக் கூப்பிடுவாங்க. கடைசிப் பையன் இன்னும் ஒன்றரை ரவுண்டு ஓடிக்கிட்டிருப்பான், அவன் குறுக்கே ஷாட்புட் தூக்கிக்கிட்டு ஆள் நடப்பாங்க. பாதி தடவை அவனே வெட்கப்பட்டு வெளியே போயிருவான். நானும் கேலரியில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கேன், எனக்கும் எதுவும் தப்பா தோணினதில்ல. ஹவாயில் இதுக்கு நேர் எதிர். முழு தூரப் போட்டி அது, 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதுக்கு மேல ஒரு முழு மாரத்தான். ஜெயிக்கிறவங்க மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவாங்க. கட்-ஆஃப் 17 மணி நேரம். ராத்திரி அந்தக் கடைசி மணி நேரத்தில்தான் கூட்டம் அலைமோதும். மத்தியானம் ஜெயிச்சவங்களே திரும்பி வந்து, கடைசியா வர்றவங்களுக்காகக் கத்துவாங்க.

அதே போட்டியில் 1982 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்லணும். ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காகப் போட்டியில் இறங்கினவர். (நம்ம ப்ராஜெக்ட்டை நாம எப்படிப் பண்றோம்னு இங்க பேச வேணாம்.) பெண்களில் முதலிடத்தில் வந்துக்கிட்டிருந்தவர், கோட்டுக்குச் சில மீட்டர் முன்னாடி சுருண்டு விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் ஜெயிச்சார். ஜூலி தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டார், 29 விநாடி பின்னாடி. டிவியில் அதைப் பார்த்த அமெரிக்கா முழுக்கப் பேசினது ஜூலியைப் பத்தித்தான்.

வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்கன்னு நான் சொன்னா சில பேர் என்ன சொல்வீங்கன்னு தெரியும். "அவங்க வந்தா டென்ஷன் ஆகும். தோத்துட்டா வீடு வரைக்கும் அதையே பேசுவாங்க." நியாயம்தான், எல்லா வீடும் ஒண்ணு கிடையாது. நானும் அந்தப் பயத்தில்தான் முந்தின ராத்திரி வரை வாயைத் திறக்கல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்டுக்காரங்க நாம ஓடுறதை எப்போ பார்த்தாங்க? ரிசல்ட்டை மட்டும்தானே காட்டியிருக்கோம். ரிசல்ட்டை மட்டும் பார்த்தவங்களுக்கு எத்தனாவதுன்னு கேட்கிறதைத் தவிர வேற என்ன கேட்கத் தெரியும்? இரண்டேகால் மணி நேரம் கரையில் நின்ன எங்க அம்மா என்னைக் கண்ணால் பார்த்தது மொத்தமா பத்து நிமிஷம் இருந்தா அதிகம். அன்னைக்குச் சாயங்காலம் அவங்க கேட்டது வேற மாதிரி இருந்தது. "தண்ணியில உப்பு கண்ணுல எரியலையா?" "திருப்பத்துல சித்தப்பா சரியா நின்னாவளா?" "கடைசில ஏன் இடது காலை இழுத்த?" இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையா நான் செஞ்ச ஒரு காரியத்தைப் பத்தி அம்மாவும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம்.

வீடு தூரமா இருக்கிற ஹாஸ்டல்காரங்களுக்கு அப்பா அம்மா வர முடியாது. அப்போ ரூம்மேட் போகணும். உங்க ரூம்மேட் அடுத்த மாசம் எங்கேயோ 10 கி.மீ. ஓடப் போறான்னா, ஸ்டேட்டஸில் ஹார்ட் போடாம காலையில் எழுந்து போய் நில்லுங்க. அவன் கோட்டைத் தாண்டுற வரைக்கும் நில்லுங்க, முக்கியமா அவன் கடைசியா வந்தா.

அடுத்த பிப்ரவரியில் மறுபடி நடத்துறோம். அதுக்குள்ள நாங்க அஞ்சு பேரும் ஏதோ ஒரு ஊரில் வேலையில் இருப்போம், லீவு போட்டு வரணும். நீந்தத் தெரியாதவங்க தண்ணியில் இறங்க வேணாம். கரையில், கல்லாமொழித் திருப்பத்தில், ஓட்டப் பாதையில் நிக்க ஆள் வேணும். தொப்பியும் தண்ணி பாட்டிலும் கொண்டு வாங்க, எட்டு மணிக்கு மேல மணல் சுடும். இந்தத் தடவை ஒரே இடத்தில் நிக்கிறதா அம்மா சத்தியம் பண்ணியிருக்காங்க.