எம்.ஏ. படிக்க வந்தவனிடம் 10 மாச அட்வான்சா?

"பேச்சிலரா? வீடு இல்லே தம்பி!"

சென்னைக்கு மேல்படிப்பு படிக்க வரும் வெளியூர் மாணவன் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான். காலேஜில் சீட் கிடைத்துவிடுகிறது. தலை சாய்க்கத்தான் இடம் இல்லை!

அலைந்து திரிந்து கடைசியில் திருவல்லிக்கேணி மேன்சன். கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத ரூம். காலையில் பாத்ரூம் வாசலில் பக்கெட்டுடன் 'கியூ'. அம்மா உணவகத்து ஒரு ரூபாய் இட்லி (2013-ல் ஆரம்பித்த புண்ணியம்!) வயிற்றைக் காப்பாற்றுகிறது. படிக்க வேண்டுமா? சொந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்றால், வந்து நிற்கிறது அட்வான்ஸ். 10 மாத வாடகை! விவசாயி அப்பா எங்கே போவார்? அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. காலி பண்ணும்போது 'வெள்ளையடிக்க' என்று ஒரு மாத வாடகை கட்!

வீட்டுக்காரருக்கும் பயம் உண்டு. வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடினால்? நியாயம்தான். அதற்கு 3 மாதப் பணம் போதாதா?

2019-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டமும் 3 மாதத்துக்கு மேல் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லுமாம்! எழுதுவது யார்? வீட்டுக்காரர். கையெழுத்து போடாவிட்டால் சாவி கிடையாது. பூட்டைப் போட்டுவிட்டு சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை!

அந்த ஒரு வரியை அரசு எடுக்க வேண்டும். அடுத்த 'அட்மிஷன்' வருவதற்குள் எடுத்தால், சில வீட்டுச் சங்கிலியாவது கழுத்தில் இருக்கும்.