கடனாளி யார்?

ஆண்டுதோறும் மிகுதியான காபனீரொட்சைட்டை இன்று வெளியிடும் நாடு சீனா. ஆதலால் குற்றவாளியும் அதுவே என்பர் மேலைத்தேய அரசியலார் பலர். இது முழு உண்மையன்று. காபனீரொட்சைட்டு வெளிவந்த ஆண்டோடு மறைந்துபோவதில்லை. அதன் கணிசமான பகுதி வளிமண்டலத்தில் நூற்றாண்டுக்கணக்காக நிலைத்து நிற்கின்றது. எனவே ஓராண்டுக் கணக்கு மட்டும் போதாது. கைத்தொழிற் புரட்சிக்காலந்தொட்டு வந்த முழுக் கணக்கும் நோக்கப்படல் வேண்டும். அக்கணக்கில், உலக மக்களுள் ஏறத்தாழ 4 வீதத்தினரே வாழும் ஐக்கிய அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய நான்கிலொன்று! இன்றுங்கூட, தலைக்குரிய அளவில் அமெரிக்கர் சீனரை விஞ்சியே நிற்கின்றனர். பொறுப்பு பொதுவானது, ஆயின் வேறுபட்டது என்ற நெறியை 1992இல் ஏற்ற அந்நாடே, 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கையை 2001இல் உதறித் தள்ளியது. சீனாவும் தன் புகையைக் குறைத்தேயாக வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் பழங்கடன் தீர்க்காதவன் புதுக்கடனாளிக்கு நீதிபதியாவது எங்ஙனம் பொருந்தும்?