பெற்றோரே, விழிப்பாயிருங்கள்: எந்தப் பெற்றோர்?

பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். கூட்டம் போட்டு மைக் பிடித்துச் சொல்கிறார்கள். 'பெற்றோரே, விழிப்பாயிருங்கள்!' பிள்ளை செல்போனில் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். படிப்பில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே நிபுணரிடம் காட்டுங்கள். இணையத்தில் என்ன பார்க்கிறது என்று கண்காணியுங்கள். நல்ல அறிவுரைதான், யார் இல்லையென்றது? எந்த வீட்டை மனசில் வைத்து இதை எழுதினார்கள் என்பதுதான் கேள்வி. அந்த வீட்டில் தனி அறை இருக்கிறது. ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா வீட்டில் இருக்கிறாள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும். எங்க தெருவுல அப்படி எத்தனை வீடு? நாத்து நட்டுட்டு, சித்தாள் வேலை பார்த்துட்டு, இருட்டின பிறகு வந்து அடுப்பு பத்த வைக்கிறவகிட்ட போய் 'கண்காணி' என்கிறார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கங்காணி. வரப்பு மேல நின்னு அவளை ஏவுறவன்.

கொரோனாவில் இந்த வித்தியாசம் வெட்ட வெளிச்சமானது. 2020 சூன் 1. கேரளத்தில் ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாள். மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி, பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவள், தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டு டி.வி. பழுதாகிக் கிடந்தது. ஸ்மார்ட்போன் இல்லை. அப்பா தினக்கூலி. எழுத்தறிவில் நாட்டுக்கே முன்மாதிரி என்று கொண்டாடப்படும் மாநிலம் அது. நம்ம மாநிலத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2020 மார்ச்சில் சாத்திய கதவு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. நடுவில் கல்வித் தொலைக்காட்சி. அது பேசும், நாம கேக்கணும். 'சார், புரியல' என்று சொல்ல அதில் வழி கிடையாது. ஆண்ட்ராய்டு போன் இருந்த வீட்டிலும் காலையில் அப்பன் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் புள்ளைக்கு ஏது வகுப்பு?

2021 ஆகஸ்டில் ழான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழைக் குடியிருப்புகளின் 1,400 பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். கிராமத்தில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 விழுக்காடு. அதைச் சாதி பார்த்துப் பிரித்தால், தலித், ஆதிவாசிப் பிள்ளைகள் 4, மற்றவர்கள் 15. படிப்பே இல்லாமல் கிடந்தவர்கள் கிராமத்தில் 37 விழுக்காடு. இதற்கு அதிகாரிகள் வைத்த பேர் 'கற்றல் இழப்பு'. என்னவோ நம்ம புள்ளைங்க சந்தைக்குப் போற வழியில சில்லறையத் தொலைச்சுட்ட மாதிரி! பறித்ததற்குப் பேர் இழப்பா?

இதையாவது நாலு பேர் பேசினார்கள். பேச்சே இல்லாமல் கிடப்பது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பாடு. பள்ளியும் ஒன்றிய வள மையமும் பூட்டிக் கிடந்த மாதங்களில், கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க ஆளில்லாமல் இறுகிப்போன உடம்புக்கு எந்த 'செயலி' வந்து கால் நீட்டிவிட்டது?

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றிருக்கிறது. ஒரு பிள்ளை எழுத்தை மாற்றி மாற்றிப் போடுகிறான். வாசிக்கத் திணறுகிறான். வாய்க்கணக்கு மட்டும் பளிச்சென்று வருகிறது. நகரத்துத் தனியார் பள்ளியில் இவனுக்கு 'டிஸ்லெக்சியா' என்று பேர். கவுன்சிலர், சான்றிதழ், பரிவு எல்லாம் கிடைக்கும். அதே தடுமாற்றம் சேரிப் பிள்ளைக்கு வந்தால்? 'மக்கு. இவனுங்களுக்கெல்லாம் எங்க படிப்பு ஏறும்?' முடிந்தது சோதனை! கடைசி பெஞ்சு, கூட்டுமாறு, பிறகு செங்கல் சூளை. அங்கே மூளையைப் பார்க்கிறவன் இங்கே சாதியைப் பார்க்கிறான். எங்க ஊர் இரவுப் பாடசாலையில் நான் பார்த்த பிள்ளைகளில் எழுத்துக்கூட்டத் தெரியாமலே எட்டாவது வரை வந்தவர்கள் உண்டு. ஒருத்தனையும் யாரும் எங்கேயும் சோதனைக்கு அனுப்பியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அதைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்ற மாதிரி சொல்லிக் கொடுக்க வேண்டியது பள்ளிக்கூடத்தின் வேலை என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரின் வேலை என்று சொல்லவில்லை! குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், 6 வயது முதல் 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு மாவட்டத் தலைநகருக்கு மூன்று நடை. 'டாக்டர் லீவு', 'போட்டோ சரியில்ல', 'அடுத்த புதன் வா'. மூன்று நாள் கூலி போச்சு. நாலாவது நடைக்கு எந்தத் தாய் போவாள்? போகாததற்கும் 'விழிப்புணர்வு இல்லாத சனங்க' என்று நம்மையே திட்டுவார்கள். சிறப்பு ஆசிரியர் தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைக்கு ஒருவர், மேலே 15 பிள்ளைக்கு ஒருவர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்க ஒன்றியத்தில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம் 'இணையப் பாதுகாப்பு'. பொம்பளைப் புள்ளைக்கு ஆபத்து என்றதும் முதலில் செய்வது போனைப் பிடுங்குவது. இதில் ஊர், சேரி என்ற பேதமில்லை. நம்ம ஆம்பளைகளும் அதைத்தான் செய்கிறார்கள். போன் போனால் பாடமும் போகும். 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், செல்போன் கட்டுப்பாட்டை ஏற்காததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவியின் வழக்கில், இணையம் கல்வி உரிமையோடு சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. இதை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்க்கவில்லை.

ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. படத்தை ஒட்டி வெட்டி மிரட்டுகிறவன் இருக்கிறான். சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டு அரிவாளோடு வீடியோ விடுகிறவன் இருக்கிறான். அதையெல்லாம் 'அந்நியரிடம் பேசாதே' என்கிற பாடத்தில் அடக்கப் பார்க்கிறார்கள். நம்ம புள்ளைய மிரட்டுறவன் அந்நியனா? பக்கத்துத் தெருக்காரன், சமயத்தில் அதே வகுப்பில் படிக்கிறவன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள்தானே!

புகார் கொடுக்கப் போனால் ஸ்டேஷனில் முதல் கேள்வி: 'ஏன் போன் வாங்கிக் குடுத்த?' அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். பாலியல் மிரட்டல் என்றால் போக்சோ சட்டம். புகாரைப் பதியாத அதிகாரிக்கே அதில் தண்டனை உண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். சாதி சொல்லித் திட்டி இணையத்தில் போட்டால் அதுவும் பொதுவெளிதான், வன்கொடுமைச் சட்டம் பொருந்தும் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயந்துபோய் எதையும் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அடுத்தவருக்கு அனுப்பவும் கூடாது. பிள்ளையின் ஆபாசப் படத்தை அனுப்புவதே குற்றம். இரவு எந்நேரமும் 1098 எடுக்கும். பணம் பறிகொடுத்தால் 1930.

இதையெல்லாம் ஒரு தாய் தனியாகக் 'கண்டுபிடித்து'த் தனியாக அலைய வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. தனியா போனா 'அடுத்த புதன் வா'தான். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதாச்சார இடம். நம்ம ஆளுங்க பேரும் அதில் இருக்கும், கையெழுத்துக்கு மட்டும் வீடு தேடி வருவார்கள். அடுத்த முறை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்: இந்தப் பள்ளியில் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் எத்தனை பேர், அதில் எத்தனை பேரைச் சோதனைக்கு அனுப்பினீர்கள், எந்தத் தேதியில்? பதிலை அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.