டிராக்டர் வளைந்து போகும் இடம்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஆறு வருடமாகிறது. வாடகை வீட்டின் பின்னால் ஒரு மேய்ச்சல் நிலம். அதன் நடுவே இடுப்பளவு மண்மேடு வட்டமாக ஓடுகிறது; மேட்டின்மேல் வெள்ளைப் பூ பூக்கும் முள்மரங்கள். புல் அறுக்கும்போது நிலத்துக்காரப் பெரியவரின் டிராக்டர் அதை நெருங்கியதும் வளைந்து விலகிப் போகும். ஏன் என்று கேட்டேன். "அப்பா தொடல, தாத்தா தொடல. எனக்கு மட்டும் எதுக்கு?" என்கிற மாதிரி பதில் சொன்னார்.

நாடு முழுக்க இப்படி 40,000-க்கும் மேற்பட்ட வட்டக்கோட்டைகள் உண்டு. கோட்டை என்பது பேருக்குத்தான். பெரும்பாலானவை கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடையில் உழவர் குடும்பங்கள் மாடு கன்றோடு வாழ்ந்த வளவுகள். ஊர்க்கதையிலோ அங்கே குடியிருப்பவர்கள் மாய மனிதர்கள்; ஊரார் அவர்களை 'நல்லவர்கள்' என்பார்கள். நாம் நல்ல பாம்பு என்கிறோமே, அந்தப் பயத்தில் வைத்த பெயர். மரத்தை வெட்டினால் கை முடங்கும், மாடு சாகும் என்பார்கள்.

மூடநம்பிக்கை என்று முதலில் நானும் சிரித்தேன். ஆனால் சுதந்திர அயர்லாந்து தொன்மைச் சின்னங்களுக்கெனத் தன் சட்டத்தை இயற்றியது 1930-ல்தான். அதுவரை இந்த மேடுகளுக்குக் காவல் நின்றதில் அந்தப் பயத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1999-ல் இதே மாவட்டத்தின் லட்டூனில் நெடுஞ்சாலைக்காக ஒரு முள்மரம் போக இருந்தது. கதைசொல்லி எடி லெனிஹான் குரல் கொடுத்தார், மரம் தப்பியது.

அதற்காக அந்தப் பயத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1895-ல் டிப்பரரியில் பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் நோயில் படுத்தாள். இவள் என் மனைவியே இல்லை, 'அவர்கள்' மாற்றி வைத்துவிட்டுப் போன உருவம் என்று சொல்லிக் கணவனே எரித்தான். நிஜ மனைவி பக்கத்து வட்டக்கோட்டையிலிருந்து வெள்ளைக் குதிரையில் வருவாள் என்றும் சொன்னான். நோயாளிகளோடு நாளைக் கழிக்கும் எனக்கு இது வெறும் கதை இல்லை.

பயம் போகட்டும், கதை இருக்கட்டும். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றோடு, அந்த வட்டத்துக்குள் உண்மையில் யார் வாழ்ந்தார்கள் என்பதையும் பள்ளியில் சொல்லித்தர வேண்டும். மண்வெட்டியைத் தடுத்த பயம் பொக்லைனைத் தடுக்கவில்லை. எத்தனையோ மேடுகள் தரைமட்டமாகிவிட்டன.

பெரியவரின் மகன் டப்ளினில் இருக்கிறார், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர். நிலம் நாளை அவர் கைக்கு வரும். அன்றைக்கும் டிராக்டர் வளைந்து போக வேண்டுமென்றால், அதற்கான காரணம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.