குழந்தை மரணத்தில் காரணம் அறியும் கடமை

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து, தமிழ்நாட்டின் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வரும் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது என்பதை இத்தொழிற்பகுதியில் வாழும் நாம் மறந்துவிடலாகாது. நமது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் 48.6 சதவீதம் இருந்தது. ஆனால், தொற்றுநோயோ என்று முதலில் ஐயுறப்பட்ட அம்மரணங்களில் விஷத்தின்மேல் சந்தேகம் வலுத்தது, நோயுற்ற குழந்தைகளின் சிறுநீரகத் திசுவை ஆராய்ந்த பின்னரே. அதற்குள் இறந்தவர்களிற் பலர் பிரேதப் பரிசோதனையின்றியே அடக்கம் செய்யப்பட்டுவிட்டனர்.

பரிசோதனைக்குத் தயங்கும் பெற்றோரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கு வந்து, ஒப்பந்தக் கூலியாய் உழைத்து, ஒற்றை அறையில் குடியிருக்கும் தம்பதியரிடம், நேற்றுவரை மடியில் கிடந்த சிசுவைக் கத்திக்குக் கொடுங்கள் என்று கேட்பது எத்தகைய கொடுமை! அத்துக்கத்தைச் சிறிதேனும் தணிக்க வல்லது சி.டி. ஸ்கேன் மூலம் செய்யும் மெய்நிகர் பிரேதப் பரிசோதனை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபர், மைக்கேல் தாலி முதலியோர் வளர்த்த இம்முறையை டில்லி எய்ம்ஸ் 2021 மார்ச்சில் தொடங்கிற்று. உறையிலிட்ட உடலைத் திறவாமலே சில நிமிஷங்களில் படமெடுத்துவிடலாம். உடல் சாம்பலான பிறகும் அப்படம் மற்றொரு நிபுணரின் பார்வைக்கும் நீதிமன்றத்தின் விசாரணைக்கும் கிட்டும். எலும்பு முறிவைக் காட்டுவதிலும் படத்தின் பயன் பெரிது. நீண்ட எலும்புகளின் முறிவும் மூளையுறையின்கீழ் இரத்தக்கட்டும் ஒரே சிசுவிடம் சேர்ந்து காணப்படுவதை 1946இல் அமெரிக்க மருத்துவர் ஜான் காஃபி எடுத்துக்காட்டினார். அவர் திறந்த வழியில் சென்றவர்களால், முதுகெலும்பையொட்டிய விலா முறிவும், வெவ்வேறு காலத்தில் உண்டாகி ஆறிவரும் முறிவுகளும், பேசத் தெரியாத குழந்தை அனுபவித்த ஹிம்சைக்குச் சாட்சியாகக் கூடும் என்று இன்று நாம் அறிந்திருக்கிறோம். கத்தி எளிதில் சென்றெட்டாத இடத்து முறிவையும் ஸ்கேன் காட்டிவிடும்.

எனினும் அளவு மீறிய நம்பிக்கை ஆபத்தானது. சிசுவின் உடலில் கொழுப்பு குறைவாதலால் உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை. விஷத்தையும் கிருமியையும் இனங்கண்டு சொல்ல ஸ்கேனால் இயலாது. சிந்துவாராக் குழந்தைகளை ஸ்கேனுக்கு மட்டும் உட்படுத்தியிருந்தால் மருந்துப் புட்டியின்மேல் எவர் கவனமும் சென்றிராது.

ஆகையால், காரணம் விளங்காத ஒவ்வொரு குழந்தை மரணத்திலும் முதலில் ஸ்கேனும், அதன் துணைகொண்டு ஊசியால் எடுத்த திசு, இரத்தம், சிறுநீர் ஆகியவற்றின் ரசாயனப் பரிசோதனையும், அவையும் போதாதபோது மட்டுமே முழுப் பிரேதப் பரிசோதனையும் என்ற ஒழுங்கு நமது மாநிலத்தில் ஏற்பட வேண்டும். ஆயினும் உடலில் காயம் கண்டாலோ, குற்றச் சந்தேகம் எழுந்தாலோ கத்தியைத் தவிர்க்க முடியாது என்பதையும் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நோயாளிகளின் கூட்டம் ஓய்ந்த இரவு நேரத்தில், இதைத் தொடங்கலாம். வளரும் எலும்பின் இணைப்பையே முறிவென்று பிழையாக எண்ணிவிடக் கூடுமாதலால், குழந்தைகளின் படங்களைப் பார்ப்பதில் தேர்ந்த கதிரியக்க நிபுணர் அங்கே இருப்பது அவசியம். ஸ்கேன் எடுத்தாயிற்று, ஆகவே வேறு சோதனை வேண்டியதில்லை என்று எழுத எந்த மருத்துவமனைக்கும் அனுமதி கூடாது. கண்டறிந்த காரணமும் பெற்றோர் படிக்கத்தக்க ஒடியாவிலோ ஹிந்தியிலோ எழுதப்பட்டு, அவர்கள் ஊர் திரும்பிவிட்டிருந்தால் அங்கேயே சென்று சேர வேண்டும்.