ஒரு மூட்டை குறைந்தால் போதுமா?

கேள்வி: "நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து மாட்டுத் தீவனம் வாங்குகிறோம். 50 கிலோ மூட்டை ஒன்றை எடை போட்டால் 49.1 கிலோதான் இருந்தது. கடைக்காரரோ, 'ஒரு மூட்டையை வைத்துப் பேசாதீங்க' என்கிறார். என்ன செய்யலாம்?"
- வாசகர், மணிமங்கலம்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி. மூட்டைக்கு மூட்டை கொஞ்சம் கூடும், குறையும். சராசரியே 50-க்குக் கீழே இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அடுத்த லோடு இறங்கும் அன்றே 9 மூட்டைகளை எடை போடுங்கள். நாள் கடந்தால் ஈரம் காய்ந்து எடை மாறும். நெகிழ்ந்து கிடக்கும் மூட்டைகளாகப் பார்த்து எடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் எடுங்கள். சந்தேகத்தைக் கிளப்பிய பழைய மூட்டையைச் சேர்க்க வேண்டாம். காலிச் சாக்கின் எடையைக் கழித்துவிடுங்கள். லாரி எடைமேடை இதற்கு உதவாது, அங்கே ஐந்து, பத்து கிலோ கணக்குத்தான். முத்திரையிட்ட மின்னணுத் தராசு வேண்டும். முதலில் 20 கிலோ எடைக்கல்லை வைத்து அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, 49.2, 50.1, 49.6, 49.4, 50.0, 49.3, 49.7, 49.5, 49.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 49.6. குறைவு 0.4 கிலோ. இது தற்செயலா?

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் திட்ட விலக்கம் போடச் சொல்லுங்கள். மாதிரிக் கணக்கு என்பதால் 9-க்குப் பதில் 8-ஆல் வகுக்க வேண்டும். 0.3 வரும். அதை 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் வகுத்தால் 0.1. சராசரியில் தற்செயலாக வரக்கூடிய ஆட்டம் இவ்வளவுதான். குறைவான 0.4-ஐ 0.1-ஆல் வகுத்தால் 4. 9 மூட்டைக்கு அட்டவணை சொல்லும் எல்லை 1.86. மூட்டைகளின் உண்மையான சராசரி 50 கிலோவாகவே இருந்தால், இந்த எல்லையைத் தாண்டும் குறைவு நூற்றில் ஐந்து முறைதான் தற்செயலாக வரும். 4 என்பது எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டது. தைரியமாகக் கேட்கலாம்.

அதே 49.6 சராசரி வந்து, திட்ட விலக்கம் 1.2 ஆக இருந்தால்? வகுத்தால் 1-தான் வரும். அப்போது குற்றம் சொல்ல முடியாது. கடை நேர்மையானது என்றும் அதற்கு அர்த்தமில்லை. இன்னும் மூட்டைகளை எடை போட வேண்டும், அவ்வளவே.

இந்தக் கணக்கை 1908-இல் 'மாணவர்' என்ற புனைபெயரில் வெளியிட்டவர் வில்லியம் காசெட். அயர்லாந்தின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். பார்லி ஆராய்ச்சியில் கிடைக்கும் சில எண்களை வைத்தே முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. நம் 9 மூட்டை கதைதான்!

எடைப் பட்டியலோடு முதலில் கடைக்காரரிடமே பேசுங்கள். குறை அவருடையதாக இல்லாமல், மூட்டை கட்டிய ஆலையிலேயே நடந்திருக்கலாம். சரியாகாவிட்டால், தொழிலாளர் துறையின் மாவட்ட உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது அவர்கள்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும், தைத்த வாய் பிரிக்காத இரண்டு மூட்டைகளையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.