வாயிலோன் இல்லாத வாசல்

சென்ற மார்கழியில் ஒருநாள் நாங்கள் மூவர் திருவாதவூர் சென்றிருந்தோம். மேலூருக்கு அருகிலிருக்கும் இவ்வூரை இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாணிக்கவாசகர் பிறந்த ஊர்; கபிலரின் ஊரும் இதுவே என்பது மரபு. திருமறைநாதர் கோயிலுக்குச் சென்றுவிட்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் வீட்டுக்குப் போனோம். வெகுநாட்களுக்கு முன் அவரிடம் இரவல் வாங்கிய புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

வாசலில் கேமராவுடன் கூடிய புதிய அழைப்புமணி. அழுத்தினோம். "யாருங்க? யாரைப் பார்க்கணும்?" என்றது ஓர் ஆண்குரல். பெயர்களைச் சொன்னோம், வந்த காரியத்தையும் சொன்னோம். "அம்மா தூங்குறாங்க. அப்புறமா வாங்க" என்று குரல் முடித்துக்கொண்டது. பேசியவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன். அம்மாவோ தூங்கவில்லை. கம்பிக் கதவுக்கு அப்பால் எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். "அவன்கிட்ட கேக்காமத் திறந்தா கோவிச்சுக்குவான்ப்பா" என்றார், எங்களைவிட அதிகமாகக் கூசியபடி. புத்தகம் கம்பிகளின் இடைவெளி வழியாக உள்ளே போனது.

மகன்மீது எங்களுக்குக் கோபமில்லை. அன்றிரவே தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். பக்கத்துத் தெருவில் சங்கிலி பறிப்பு நடந்த பின்புதான் அந்தக் கருவியை வாங்கினாராம். தனியாக இருக்கும் தாயைக் கடல் கடந்து காக்க நினைக்கும் பிள்ளையை யார் குறை சொல்வது? எங்கள் சண்டை அந்தக் கருவியோடும், அதைப் பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லால் நியாயப்படுத்திவிட்டு நகரும் நம் சோம்பலோடும்தான்.

2

அழைப்புமணி யாருடையது? வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார், உண்மைதான். ஆனால் அது வெளியே நிற்பவரின் கருவி. 'நான் வந்திருக்கிறேன், பதில் சொல்லுங்கள்' என்று அவர் கேட்பதற்காக இருப்பது. நம் மரபின் மிகப் புகழ்பெற்ற வாசல்மணி திருவாரூரில் மனுநீதிச் சோழனின் அரண்மனையில் தொங்கியது. கன்றை இழந்த பசு அதை அடித்தது. அடித்தது யார் என்று அரசன் வெளியே வந்து பார்க்க வேண்டியிருந்தது. மணியை அடிக்கப் பசுவுக்கும் உரிமை இருந்தது என்பதே அக்கதையின் சாரம்.

மணி இல்லாத இடத்தில் வாயிலோன் இருந்தான். அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவை தன் சினத்தை அவனுடைய வாயில்காவலனிடம் சொன்னாள். மதுரையில் கண்ணகி நீதி கேட்டு நின்றபோது அவளது வருகையை உள்ளே கொண்டுபோனவனும் வாயிலோனே. அஞ்சியபடிதான் போனான், ஆயினும் போனான், கண்டதைச் சொன்னான், அரசனின் விடையோடு திரும்பி வந்தான். அவன் சம்பளம் உள்ளிருந்து வந்தாலும் வெளியே நிற்பவரின் சொல்லைச் சுமப்பது அவன் கடமை. ஔவை கோபித்துக்கொள்வதற்கு அங்கே ஒரு முகம் இருந்தது. திருவாதவூரில் எங்களுக்கு எதிரே இருந்தது ஒரு பொத்தானும் ஒரு கண்ணாடித் துளையும்.

அதே ஊரில் பிறந்தவர் பாடிய திருவெம்பாவையை நினைத்துக்கொண்டோம். அதன் முற்பகுதிப் பாடல்கள் அனைத்தும் வாசலில் நிகழ்பவை. விடியலில் பெண்கள் கூட்டமாக வந்து, உள்ளே உறங்கும் தோழியை அழைக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், உள்ளிருப்பவளும் இடையிடையே பதில் தருகிறாள். தமிழில் வாசலுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைத்ததில்லை. அழைப்பதும் மறுமொழி சொல்வதுமாக இரு தரப்புக்கும் அங்கே குரல் உண்டு.

3

கருவியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். ஏனெனில் அது தொடங்கிய இடம் மதிக்கத்தக்கது. 1831 இல் ஜோசப் ஹென்றி மின்காந்தத்தைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். மின்சார அழைப்புமணிகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்கள். வாசலில் கண் வைத்தவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலியர். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், குற்றங்கள் மலிந்த சூழலில், நேரங்கெட்ட நேரங்களில் தனியாக இருந்தவர். அழைத்தால் போலீஸ் உடனே வருவதில்லை. கணவர் ஆல்பர்ட் பிரவுனுடன் சேர்ந்து 1966 இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் அது வழங்கப்பட்டது. கதவில் மேலிருந்து கீழாக நான்கு துளைகள், அவற்றினூடே பார்க்கும் நகரும் கேமரா, படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சித் திரை, இருபுறமும் பேச வசதி, எழாமலே தாழ் நீக்க ஒரு விசை, ஆபத்தென்றால் அழுத்த இன்னொரு விசை. இன்றைய கருவிகளின் எலும்புக்கூடு முழுவதும் அதிலேயே இருக்கிறது.

அந்தப் பெண்ணின் அச்சத்தை நாம் ஏளனம் செய்ய முடியாது. தனியாக வாழும் பெண்களும் முதியவர்களும் கதவைத் திறக்குமுன் வந்தவரைப் பார்க்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. நம் அடுக்குமாடிகளில் பரவிய வீடியோ டோர் போனும் ஏறக்குறைய இவ்வளவையே செய்தது. பொத்தானை அழுத்தினால் கூடத்துச் சுவரிலிருந்த சிறுதிரை விழிக்கும்; பேசி முடித்தால் அணையும். பழைய எளிய மாதிரிகள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. படம் கம்பி வழியாக வாசலிலிருந்து கூடம்வரைதான் பயணம் செய்தது.

அதன்பின் வந்த ஸ்மார்ட் டோர்பெல் இரண்டு காரியங்களைச் செய்தது. இரண்டையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அது அழுத்தப்படுவதற்காகக் காத்திருப்பதில்லை. நகரும் உடலின் வெப்பத்தை அகச்சிவப்பு உணரியாலோ, காட்சியில் தோன்றும் மாற்றத்தைக் கேமராவாலோ கண்டு தானே விழித்துக்கொள்கிறது. மணியை அடிக்காதவரும், வாசலைக் கடந்து தம் வழியே போனவரும் பதிவாகிறார்கள்.

இரண்டாவது, பெரும்பாலான மாதிரிகளில் படம் வீட்டோடு நிற்பதில்லை. நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. 2013 இல் ஜேமி சிமினாஃப் 'டோர்பாட்' என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் காட்டி முதலீடு பெறத் தவறிய கருவி, பின்னர் 'ரிங்' ஆகி, 2018 இல் அமேசான் கைக்குப் போனது. ஒரு பொத்தானுக்காக யாரும் அவ்வளவு பெரிய தொகை கொடுப்பதில்லை. லட்சக்கணக்கான வாசல்களிலிருந்து தெருவைப் பார்க்கும் ஒரு வலைப்பின்னல் அவர்களுக்குக் கிடைத்தது.

விளைவுகள் பொதுவெளியில் பதிவானவை. 2022 ஜூலையில், அவ்வாண்டில் அதுவரை 11 முறை உரிமையாளரின் சம்மதமின்றிக் காவல்துறைக்குக் காணொளிகள் கொடுத்ததாக அமேசான் ஓர் அமெரிக்க செனட்டருக்குத் தெரிவித்தது. அவசர நிலைமைகள் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2023 மே மாதம், ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வாடிக்கையாளரின் அந்தரங்கக் காணொளிகளைப் பார்க்க இடமளித்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் சாட்டிய வழக்கில் ரிங் நிறுவனம் 58 லட்சம் டாலர் தர உடன்பட்டது. காவலுக்கு வைத்த கண்ணுக்குப் பின்னால் இன்னும் எத்தனை கண்கள் என்று வாங்கியவருக்கே தெரியாது.

4

இங்கே எங்கள் இலக்கிய நண்பர்கள் சிலர் திண்ணையைக் கொண்டுவருவார்கள். வழிப்போக்கர் படுத்துறங்கிய திண்ணை, மழையிரவில் மூன்று ஆழ்வார்கள் நெருங்கி நின்ற திருக்கோவலூர் இடைகழி, அடையாத வாயில் கொண்ட வள்ளல்கள். இந்தப் புலம்பலிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. எல்லோரும் அமர்ந்த திண்ணை எந்த ஊரில் இருந்தது? தெருவுக்குள்ளேயே நுழையக் கூடாதவர்களுக்குத் திண்ணையில் என்ன இடம்? மதுரை மீனாட்சி கோயிலின் வாசல் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்தது 1939 ஜூலை 8 அன்றுதான். வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய அந்த நுழைவில் பங்குபெற்ற கக்கனின் தும்பைப்பட்டி, திருவாதவூரைப் போலவே மேலூர் வட்டாரத்து ஊர். ஆகவே, வாசலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற கேள்வி கேமராவோடு பிறந்ததன்று. கேமரா அந்தப் பழைய கேள்வியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இன்று நம் வாசல்களில் நிற்பவர்கள் யார்? கீரை விற்கும் அம்மா, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர், கொட்டும் மழையில் உணவுப் பொட்டலத்தோடு நிற்கும் இளைஞர், விடியுமுன் வரும் குடுகுடுப்பைக்காரர். இவர்கள் முகங்கள் நாள்தோறும் பதிவாகின்றன. பதிவு செய்பவர்களின் முகம் இவர்களுக்குத் தெரிவதேயில்லை. தெருவில் ஏதேனும் காணாமற்போனால் முதலில் குடியிருப்போரின் வாட்ஸப் குழுவில் சுற்றுவது யாருடைய படமாக இருக்கும் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். விருந்தினரும் உறவினரும் அந்தப் படத்தில் வரமாட்டார்கள்.

சட்டம் காப்பாற்றுமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. உங்கள் வாசல் கேமரா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அதை வீட்டு உபயோகம் என்று வாதாட வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே, பொதுவழியைப் பார்க்கும் வீட்டுக் கேமரா வெறும் வீட்டு விஷயமாகாது என்று சொல்லிவிட்டது. 2021 இல் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம் ஒன்று, அண்டை வீட்டாரின் பேச்சைத் தொலைவிலிருந்தே பிடித்துக்கொள்ளும் டோர்பெல்லின் ஒலிப்பதிவு வரம்பு மீறியது என்று கண்டது. நம்மிடம் அந்தப் பேச்சே தொடங்கவில்லை.

5

காவல் என்றால் என்ன என்பதற்கு மதுரையில் ஒரு கதை உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்வது. கீரந்தை என்ற அந்தணன் அரசனின் காவலே வேலியென்று மனைவியிடம் கூறிவிட்டு வெளியூர் போகிறான். அந்தக் காவலை மெய்ப்பிக்க இரவில் வந்த பாண்டியன் கதவைத் தட்டிவிடுகிறான். பின்னர் விரிந்து வழங்கிய வடிவத்தில், கணவன் திரும்பிவந்த இரவில் ஆண்குரல் கேட்டு ஐயுற்றுத் தட்டுகிறான். தவறை உணர்ந்ததும், அந்த வீட்டுப் பெண்மீது சந்தேகம் விழாதிருக்கத் தெருவின் கதவுகளையெல்லாம் தட்டிவிட்டுப் போகிறான். மறுநாள் தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டு பொற்கைப் பாண்டியன் ஆகிறான். காவலின் பெயரால் ஒரு வாசலின் அமைதியைக் குலைத்ததற்குக் காவலனே கொடுத்த விலை அது. இன்று காவலின் பெயரால் வாசல்தோறும் விழித்திருப்பவர்களிடம் நாம் கையைக் கேட்கவில்லை. கணக்கையாவது கேட்க வேண்டாமா?

கருவியைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அழுத்தினால் மட்டும் விழிக்கட்டும். தெருவை விட்டுவிட்டு உங்கள் படியை மட்டும் பார்க்கட்டும். ஒலிப்பதிவை நிறுத்தி வையுங்கள். படங்கள் வீட்டுக்குள்ளேயே தங்கும்படியான மாதிரியை வாங்குங்கள். கேமரா இருக்கிறது என்று வருபவர் வாசிக்கும்படி தமிழில் எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருப்பவருக்கே பதில் சொல்லும் உரிமையைக் கொடுங்கள். எழுபது வயதுத் தாய்க்குத் தன் வாசலில் நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்று தெரியாது என்றால், சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இக்கருவி வைத்திருக்கும் நண்பர்கள் ஒருநாள் தம் வாசலுக்கு வெளியே போய், பொத்தானை அழுத்திவிட்டு, குரல் வரும்வரை நின்று பார்க்கட்டும். நாங்கள் மீண்டும் திருவாதவூர் போக வேண்டியிருக்கிறது. அன்று திரும்பும்போது அந்த ஆசிரியை, "வெறுங்கையோட போகாதீங்கப்பா" என்று இன்னொரு புத்தகத்தைக் கம்பிகளின் இடைவெளியில் நீட்டினார்.